துடுப்புப் பலகையை வைக்கும் இடம்: தளத்தின் ஓரமா, கீழறையா?

சிங்கப்பூரின் லாசரஸ் தீவுக் குடாவில் நங்கூரமிடும் பாய்மரப் படகுகளில், நின்றபடி துடுப்பு வலித்துச் செல்லும் துடுப்புப் பலகைகளை வைக்கும் முறைகள் முக்கியமாக இரண்டு. கெட்டியான எபாக்சிப் பலகையைத் தளத்தோரக் கம்பிக் கால்களில் (பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் செங்குத்துக் கால்களில்) தாங்கி பொருத்தி நிமிர்த்திக் கட்டுவது ஒன்று. காற்றடைக்கும் பலகையைச் சுருட்டிப் பையிலிட்டுக் கீழறையில் வைப்பது மற்றொன்று. எங்கள் பத்து மீட்டர்ப் படகுக்கு நாங்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தோம்.

நீரில் எபாக்சிப் பலகையே விரைவாகவும் நேராகவும் செல்லும். கட்டை அவிழ்த்தவுடன் இறக்கியும் விடலாம். மற்றதற்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்றேற்ற வேண்டும், கைப்பம்பில் அது வியர்க்க வைக்கும் வேலை. ஆயினும் முடிவைத் தீர்மானித்தவை அந்தக் கம்பிக் கால்களே.

அவை தடுமாறும் ஆளைக் கணநேரம் தாங்குவதற்காக நடப்பட்டவை. நாள் முழுதும் சுமை ஏற்பதற்கல்ல. 3.2 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பலகை நிமிர்ந்து நிற்கையில் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பில் காற்றை எதிர்கொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வந்து சேரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. மணிக்கு 72 கிலோமீட்டரில் அப்பலகையின்மேல் விழும் விசையைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 50 முதல் 60 கிலோ எடைக்குச் சமமாகிறது. பக்கவாட்டில் அலை அறைந்தால் சுமை அதையும் மிஞ்சும். சுமார் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள கால் நெம்புகோலாகி அதன் அடித்தட்டை அசைக்க, திருகாணிகளைச் சுற்றியுள்ள பசை விட்டுப்போய், நீர் கசிந்து, ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பால்சா மரம் மெல்ல அழுகத் தொடங்கும். தளம் காலடியில் மெத்தென்று அமிழும்வரை இது வெளியே தெரியாது. அதன்பின் தளத்தைப் பிரித்துச் சீரமைக்கும் செலவு பலகையின் விலையை எளிதில் விழுங்கிவிடும். கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் சிங்கப்பூர் நீரிணையில், நிமிர்ந்து நிற்கும் பலகை சுக்கான் பிடிப்பவரின் பார்வையை மறைப்பதும் எனக்குச் சிறிய குறையாகத் தோன்றவில்லை.

சுருட்டிய பலகையின் எடை ஏறத்தாழ பத்து கிலோ; பின்பக்கப் படுக்கைக்கு அடியில் அடங்கிவிடும். ஆனால் உயிர்காப்பு உடைகளையோ அடித்தள நீர்வால்வுகளையோ எட்டவிடாமல் அது வழிமறிக்கக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கும். ஆகவே படகுத்துறைக்குத் திரும்பியதும் நன்னீரில் கழுவி, நிழலில் முழுதும் உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். நங்கூரத்தில் நிற்கும்போது அதை வெயிலில் தளத்தின்மேல் கிடத்தினால் உள்ளழுத்தம் ஏறும் என்பதால், சிறிது காற்றை இறக்கிவிடுவது நல்லது.

என் அனுபவம் தென்தீவுகளைச் சுற்றிய பகல்நேரப் பயணங்களோடு நிற்கிறது. மலேசியாவின் தியோமான் தீவு வரை பல நாள் செல்வோரின் தேவை வேறாக இருக்கலாம். எபாக்சிப் பலகைதான் வேண்டுமென்போர் அதை முன்தளத்தில் கவிழ்த்துக் கிடத்தி, நங்கூரத்துக்கும் மேல்திறப்புக்கும் வழிவிட்டு, கம்பிக் கால்களில் அல்லாமல் தளத்தோடு உறுதியாகப் பிணைத்த வளையங்களில் கட்டலாம்.