டிசிபி, யுடிபி, குவிக்: தொலைந்த பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு?

இணையத்தில் தரவு பாக்கெட்டுகள் எனும் சிறு துண்டுகளாகப் பயணம் செய்கிறது; அதைக் கொண்டுசேர்ப்பதற்கான விதித்தொகுப்புகளே, அதாவது நெறிமுறைகளே, டிசிபியும் யுடிபியும் குவிக்கும். நெட்வொர்க் பாடம் படிக்கத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: டிசிபி நம்பகமானது, ஆனால் மெதுவானது, யுடிபி வேகமானது, ஆனால் நம்பகமற்றது. நேர்முகத் தேர்வில் இந்த விடையே போதுமானதாக இருப்பதால் பலர் அதைத் தாண்டி யோசிப்பதில்லை. உண்மையில் இரண்டும் ஒரே கேபிளில், ஒரே ரவுட்டர்களைக் கடந்து, முகவரியைத் தாங்கிய ஒரே வகை ஐபி பாக்கெட்டுக்குள் அமர்ந்துதான் பயணம் செய்கின்றன. யுடிபி என்பதற்காகப் பொது இணையத்தில் எந்த ரவுட்டரும் அதற்கு வழிவிட்டு ஒதுங்குவதில்லை. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்துபோனால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பொறுப்பை யார் ஏற்பது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இயங்குதளம் ஏற்றுக்கொண்டால் அது டிசிபி. அது கைகழுவிவிட்டு, செயலியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் யுடிபி. யுடிபியின் மேல் அமர்ந்துகொண்டு, செயலியோடு சேர்ந்தே வரும் ஒரு நிரல் அந்தப் பொறுப்பை ஏற்றால் குவிக்.

இந்தக் கேள்வி எழுவதற்கே காரணம் ஐபி நெறிமுறையின் இயல்புதான். முகவரியைப் பார்த்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடுவதோடு ஐபியின் வேலை முடிந்தது. ரவுட்டரின் வரிசை நிரம்பி வழிந்தால் புதிதாக வரும் பாக்கெட் ஓசையின்றி வீசப்படும். இரண்டு பாக்கெட்டுகள் வேறுவேறு பாதையில் போனால் பின்னால் கிளம்பியது முன்னால் வந்து சேரலாம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் போவதில்லை என்பதால், செல்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் புகைப்படம்கூட ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்துதான் கிளம்புகிறது. அத்தனையும் வந்து சேர்ந்தனவா, வரிசையாக வந்தனவா என்று ஐபி கேட்பதே இல்லை.

வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் டிசிபியும் ஐபியும் தனித்தனியாக இல்லை. எல்லாம் ஒரே நெறிமுறையாகவே இருந்தது. அதை 1978 வாக்கில் இரண்டாகப் பிரிக்க நேர்ந்ததற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று குரல். பேச்சைப் பாக்கெட்டுகளாக அனுப்பிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, தொலைந்த துண்டு திரும்பி வரும்வரை காத்திருக்கும் ஏற்பாடு உதவியைவிடத் தொல்லையாகவே பட்டது. ஆகவே, விநியோகம் மட்டும் செய்யும் ஐபி ஒரு பக்கமும், நம்பகத்தைச் சேர்த்துத் தரும் டிசிபி மறுபக்கமும் நின்றன. நம்பகம் வேண்டாதவர்களுக்காக டேவிட் ரீட் வடிவமைத்த யுடிபியின் வரையறை 1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டலின் பெயரில் வெளியானது. அது மூன்றே பக்கம். இன்றும் அது அப்படியே செல்லுபடியாகிறது.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் போன்ற ஒரு கருவியைத் திறந்து வைத்து, பாக்கெட்டின் தொடக்கத்தில் இந்த இரு நெறிமுறைகளும் எழுதிவைக்கும் தலைப்புப் பகுதிகளை அருகருகே பார்த்தால் பொறுப்பின் கனம் கண்ணுக்கே தெரியும். யுடிபியின் தலைப்பு 8 பைட்: அனுப்பும் போர்ட் (எந்தச் செயலி என்று சொல்லும் எண்), பெறும் போர்ட், நீளம், பிழை சரிபார்க்கும் எண், அவ்வளவுதான். டிசிபியின் தலைப்பு குறைந்தது 20 பைட். அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. இதுவரை வந்து சேர்ந்தது எதுவரை என்று சொல்லும் ஒப்புகை எண் உண்டு. இன்னும் எவ்வளவு வாங்கிக்கொள்ள இடமிருக்கிறது என்று பெறுபவர் அறிவிக்கும் சாளர அளவும் உண்டு. முதல் தரவு நகர்வதற்கு முன்பே மூன்று வரிகள் திரையில் விழும். 'பேசலாமா' என்று ஒன்று, 'பேசலாம், நீங்கள் தயாரா' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று, 'தயார்' என்று மூன்றாவது. யுடிபியில் இந்த மூன்றும் கிடையாது. முதல் பாக்கெட்டே தரவுதான். யுடிபி வேகமானது என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

தாமதமாக வந்தால் அந்தத் தரவுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டுப் பார்ப்பதே இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு நான் அறிந்த சிறந்த வழி. இணையவழிக் குரல் அழைப்பில் ஒரு பாக்கெட் பொதுவாக 20 மில்லி விநாடிப் பேச்சைச் சுமக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறதே, அந்த ஒரு மாத்திரைக்குள்ளேயே பல பாக்கெட்டுகள் அடங்கிவிடும். அவற்றில் ஒன்று விழுந்தால் கேட்பவரின் செயலி பக்கத்து ஒலியை நீட்டி இட்டு நிரப்பிவிடும், காதும் ஊகித்துக்கொள்ளும். அதை டிசிபியில் அனுப்பினால் என்ன நடக்கும்? தொலைந்த ஒரு பாக்கெட் மறுபடி வரும்வரை அதற்குப் பின்னால் ஒழுங்காக வந்து சேர்ந்த எல்லாமும் காத்துக் கிடக்கும், பேச்சு உறைந்து நிற்கும், பிறகு மொத்தமாக வந்து கொட்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. காத்திருப்பு அந்த எல்லையை எளிதில் தின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, ஒரு வங்கிக் கணக்கின் விவரத்திலோ மென்பொருளின் கோப்பிலோ ஒரு பைட் குறைந்தாலும் மொத்தமும் பாழ். அங்கே அரை விநாடி தாமதம் பெரிய இழப்பல்ல.

டிஎன்எஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது, அதனாலேயே கற்பவர்களுக்கு மிகவும் பயன்படுவது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரியைக் கேட்பது ஒரு சிறு கேள்வி, ஒரு சிறு பதில். அதற்காக மூன்று பாக்கெட் அறிமுகம் செய்துகொள்வது வீண் என்பதால் யுடிபி 53ஆம் போர்ட்டே வழக்கம். பதில் வராவிட்டால் கேட்டவரே மறுபடி கேட்டுக்கொள்வார். ஆனால் யுடிபியில் பதிலுக்கு முதலில் வகுத்த எல்லை 512 பைட். பின்னர் வந்த நீட்டிப்பு அதை உயர்த்தியது என்றாலும் எல்லை என்ற ஒன்று இருக்கவே செய்கிறது. அதை மீறினால் சர்வர் 'பதில் வெட்டப்பட்டது' என்று ஒரு பிட்டை உயர்த்தி அனுப்பும், கேட்டவர் அதே கேள்வியை டிசிபியில் மறுபடி கேட்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஏறக்குறைய எல்லாத் தளங்களும் திறந்தன, குறிப்பிட்ட சில மட்டும் திறக்கவே இல்லை. இரண்டு நாள் தேடியபின் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். யுடிபியில் பதில் வருகிறது, வெட்டப்பட்ட குறியோடு வருகிறது. உடனே டிசிபி அறிமுகப் பாக்கெட் ஒன்று கிளம்புகிறது, பதில் இல்லை. ஒரு விநாடி கழித்து மறுபடி, பிறகு இரண்டு விநாடி இடைவெளியில், பிறகு நான்கு விநாடி இடைவெளியில் என்று அதே பாக்கெட் தட்டிக்கொண்டே இருந்தது. டிஎன்எஸ் என்றால் யுடிபி என்ற பாடப்புத்தக வரியை நம்பி, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் டிசிபி 53ஐ யாரோ மூடிவைத்திருந்தார்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் படிப்பதன் விலை அது என்று அன்று எனக்குப் புரிந்தது.

பொறுப்பு என்பது தன் பாக்கெட்டைப் பற்றியது மட்டுமல்ல, பாதையைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களைப் பற்றியதும்தான். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், இணைப்பின் வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. அதாவது 800இல் ஒரு பங்கு. கேபிளில் பழுது எதுவும் இல்லை. நெரிசலில் பாக்கெட் தொலைய, தொலைந்ததை எல்லோரும் மறுபடி அனுப்ப, அதனால் நெரிசல் இன்னும் பெருக, பாதை முழுவதும் பழைய பாக்கெட்டுகளின் நகல்களே நிறைந்துவிட்டன. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் முன்வைத்த தீர்வுதான் இன்றைய டிசிபியின் உயிர்நாடி: சிறிதாகத் தொடங்கு, ஒப்புகை வர வர வேகத்தைக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு சட்டென்று குறைத்துக்கொள். யுடிபியில் இந்த அடக்கம் இல்லை. எழுதுபவர் சேர்த்தால் உண்டு, சேர்க்காவிட்டால் இல்லை. மேலும், அறிமுகம் எதுவும் இல்லாததால் பிறரின் முகவரியைப் போட்டுக் கேள்வி அனுப்புவதும் எளிது. பதில் முழுவதும் அந்த அப்பாவியின் தலையில் போய் விழும். 2018 பிப்ரவரி 28இல் நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மேல் விநாடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குப் பாய்ந்த தாக்குதல், யுடிபியில் திறந்து கிடந்த, தரவைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் மெம்கேஷ்டு சர்வர்களைக் கொண்டு இப்படித்தான் நடத்தப்பட்டது.

குவிக் இந்தச் சூழலில்தான் வந்தது. கூகுளில் ஜிம் ராஸ்கிண்ட் 2012இல் வடிவமைத்து, 2013இல் அறிவிக்கப்பட்டு, பின் இணையத் தரநிலைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் கையில் பெரிதும் மாற்றம் பெற்று 2021 மே மாதம் தரநிலையானது; அதன் மேல் இயங்கும், இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்டிடிபி 3 அடுத்த ஆண்டு ஜூனில் வெளியானது. டிசிபியையும் யுடிபியையும் போலத் தானும் ஒரு புதிய அடுக்காக ஐபியின் மேல் அமராமல் யுடிபிக்குள் ஏன் ஒளிந்துகொண்டது என்று பலர் கேட்பதுண்டு. அப்படி அமர முயன்ற எஸ்சிடிபி 2000ஆம் ஆண்டிலேயே வந்தது. வழியிலுள்ள ஃபயர்வால்களும் முகவரி மாற்றும் பெட்டிகளும் டிசிபி, யுடிபி இரண்டைத் தவிர வேறெதையும் அறியாததால் பொது இணையத்தில் அதனால் காலூன்ற முடியவில்லை.

குவிக்கின் பயனை அளந்து பார்க்கலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால் போய்வர 32 மில்லி விநாடி ஆகும். எந்தப் பொறியாளராலும் அதைக் குறைக்க முடியாது. டிசிபி அறிமுகத்துக்கு இப்படிப் போய்வரும் ஒரு சுற்று, அதன் மேல் பழைய டிஎல்எஸ் 1.2 மறையாக்கத்துக்கு இரண்டு சுற்று என்றால், பிரவுசரின் முதல் கோரிக்கை கிளம்புவதற்கே 96 மில்லி விநாடி போய்விடும். டிஎல்எஸ் 1.3 வந்தபின் அது 64 ஆனது. குவிக் அறிமுகத்தையும் மறையாக்கத்தையும் ஒரே சுற்றில் முடிப்பதால் 32. ஏற்கெனவே பேசிய சர்வர் என்றால் முதல் பாக்கெட்டிலேயே கோரிக்கையை வைத்து அனுப்பலாம். இந்தக் கடைசி வசதியில் மட்டும் எச்சரிக்கை தேவை: வழியில் இருப்பவர் அந்தப் பாக்கெட்டை அப்படியே நகலெடுத்து மறுபடி அனுப்ப முடியும் என்பதால், பக்கத்தைப் படிக்கும் கோரிக்கை போகலாம், பணம் அனுப்பும் கோரிக்கை போகக் கூடாது.

வரிசைக் காத்திருப்பிலும் முன்னேற்றம் பெரிது. எச்டிடிபி 2இல் ஐம்பது படங்கள் ஒரே டிசிபி இணைப்பில் கலந்து வருகின்றன. டிசிபிக்கு அவை ஐம்பது படங்கள் என்றே தெரியாது, ஒரே நீண்ட பைட் வரிசையாகத்தான் தெரியும். எனவே ஒரு படத்தின் ஒரு பாக்கெட் தொலைந்தால் மற்ற நாற்பத்தொன்பதும் நிற்கும். குவிக்கில் ஒவ்வொன்றும் தனி ஓடை என்பதால் பாதிக்கப்பட்ட படம் மட்டுமே காத்திருக்கும். அதேபோல, டிசிபி ஓர் இணைப்பை இரு பக்க முகவரிகளும் போர்ட்டுகளும் சேர்ந்த நான்கு எண்களால் அடையாளம் காண்கிறது. வீட்டு வைஃபையில் தொடங்கிய பதிவிறக்கத்தோடு வாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போய், செல்பேசி மொபைல் டேட்டாவுக்கு மாறும் கணத்தில் முகவரி மாறிவிடுவதால் அந்த இணைப்பு இறந்துவிடும். குவிக் தனக்கென்று ஓர் இணைப்பு அடையாள எண்ணைச் சுமந்து செல்வதால், முகவரி மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. முகவரி மோசடிக்கும் வழியடைத்திருக்கிறார்கள்: முதல் யுடிபி பாக்கெட் குறைந்தது 1,200 பைட் இருக்க வேண்டும், முகவரி உண்மையானதுதான் என்று உறுதியாகும்வரை சர்வர் தனக்கு வந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் திருப்பி அனுப்பக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் டிசிபியை மூட்டை கட்டிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இயங்குதளங்களும் நெட்வொர்க் கார்டுகளும் பல்லாண்டுகளாக டிசிபிக்காகவே செப்பனிடப்பட்டவை. அதே அளவு தரவை அனுப்ப குவிக் பொதுவாகக் கூடுதல் சிபியு உழைப்பைக் கேட்கிறது. ஒரே கட்டடத்துக்குள் சர்வரும் தரவுத்தளமும் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒரு சுற்று மில்லி விநாடிக்கும் குறைவு. அங்கே சுற்றுகளை மிச்சப்படுத்தி ஆவது ஒன்றுமில்லை. குவிக் தன் தலைப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறையாக்கிவிடுவதால், எந்த இணைப்பில் பாக்கெட் தொலைகிறது என்று நடுவில் நின்று பார்க்கும் நெட்வொர்க் நிர்வாகிக்குக் கைகட்டிய நிலைதான். பயனரின் அந்தரங்கத்துக்கு அது நல்லது என்பதால் நான் அதை வரவேற்கிறேன். நள்ளிரவில் பழுது தேடுபவரின் சிரமமும் எனக்குத் தெரியும்.

ஆகவே கோப்பு, மின்னஞ்சல், தரவுத்தளம், தொலைவிலிருந்து சர்வரை இயக்குதல் ஆகியவற்றுக்கு டிசிபியே போதும். நேரலைக் குரல், விளையாட்டு, சிறு கேள்வி பதில் ஆகியவற்றுக்கு யுடிபி, அதுவும் நெரிசலைக் கவனிக்கும் நிரலோடு. நகர்ந்துகொண்டே இருக்கும் செல்பேசிகளுக்குத் தொலைவிலிருந்து பக்கங்களையும் காணொளிகளையும் தரும் தளத்துக்கு குவிக். ஆனால் அந்தத் தளத்தில், பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான டிசிபி 443 போர்ட்டை மூடிவிடாதீர்கள். முதன்முறை வரும் பிரவுசர் பெரும்பாலும் டிசிபியில்தான் வந்து கதவைத் தட்டுகிறது. அந்தப் பதிலின் தலைப்பில் இருக்கும் ஒரு வரிதான் யுடிபி 443இல் குவிக் காத்திருக்கிறது என்று அதற்குச் சொல்கிறது. வழியில் ஏதேனும் ஓர் அலுவலக ஃபயர்வால் யுடிபியை மறித்தால், பிரவுசர் பயனருக்குத் தெரியாமலே டிசிபிக்குத் திரும்பிவிடுகிறது.