தளர்ந்த அலமாரிக் கீலும் ஒரு டப்பா ஃபெவிகாலும்

எங்கள் படுக்கையறையில் உள்ள இரட்டைக் கதவு அலமாரி, அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து, வீட்டிலேயே பொருத்தப்பட்ட வகையைச் சேர்ந்தது. இரண்டு முறை வீடு மாறியபோது கழற்றி மாட்டியதில், இடது கதவின் மேல் கீலைப் பக்கப்பலகையோடு பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூக்களும் பிடிமானத்தை இழந்தன. திருப்புளியை எவ்வளவு சுற்றினாலும் அவை இறுகவில்லை. கதவு கால் அங்குலம் கீழே இறங்கி, பக்கத்துக் கதவில் உரசத் தொடங்கியது. அலமாரியையே மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த வேளையில், தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஃபெவிகால் எஸ்.எச். ஒரு சிறிய டப்பா வாங்கி வந்தேன். பழுது பார்த்து 14 மாதங்கள் ஆன பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இவ்வகை அலமாரிகள் பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டு எனப்படும் துகள் பலகையால் ஆனவை. மரத்துகளைப் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்தித் தகடாக்கி, மேலே மெல்லிய லேமினேட் ஒட்டியிருப்பார்கள். முழு மரத்தில் இருப்பதுபோல ஸ்க்ரூவின் மரைகள் கவ்விக்கொள்ள நீண்ட நார்கள் இதில் இல்லை. ஒருமுறை அளவுக்கு மீறி இறுக்கினாலும், கழற்றிய ஸ்க்ரூவைப் பழைய மரைத்தடத்தில் விடாமல் புதிதாக முறுக்கினாலும், துளையின் சுவர் பொடியாக உதிர்ந்துவிடும். பலரும் உடனே நீளமான ஸ்க்ரூவைத் தேடுகிறார்கள்; பலகையின் கனமே 16 அல்லது 18 மில்லிமீட்டர்தான் என்பதால், அது மறுபக்கத்து லேமினேட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பருமனான ஸ்க்ரூவின் தலையோ கீலின் துளையில் சரியாக அமராது.

ஃபெவிகாலைத் துளைக்குள் ஊற்றி ஸ்க்ரூவைத் திருகினால் போதும் என்ற எண்ணம் தவறு. இந்த வெள்ளைப் பசையில் உள்ள நீர் மரத்தில் ஊறியோ காற்றில் ஆவியாகியோ வெளியேறும்போதுதான் அது இறுகுகிறது. இரும்பு எதையும் உறிஞ்சாது. ஆகவே பசை பிடிக்க வேண்டியது ஸ்க்ரூவை அன்று, துளையை நிரப்பப்போகும் மரக்குச்சியை. முதலில் கதவைக் கழற்றி இறக்கிவிட்டு, துளையில் இருந்த தூளை ஊதி வெளியேற்றினேன். சிறிது பசையில் சில துளி நீர் கலந்து, உதிரும் சுவரில் ஊறுமாறு தடவினேன். பிறகு மருந்து நீக்கிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து, இனி ஒன்றும் நுழையாது என்னும் வரை ஒவ்வொன்றாகச் செருகினேன். மரத்தீக்குச்சியாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பூஜையறையில் இருப்பது மெழுகுத் தீக்குச்சியாக இருக்கலாம், அதில் இந்தப் பசை ஒட்டாது. சுத்தியலால் அடித்து இறக்குவதும் கூடாது, பலகை உள்ளே பிளக்கும்.

ஒரு நாள் முழுவதும் காத்திருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் துளையின் அடியில் ஈரம் இருக்கும், அவசரப்பட்டால் குச்சிகள் மொத்தமாகச் சுழன்று வெளியே வந்துவிடும். மறுநாள், நீட்டிக்கொண்டிருந்த நுனிகளைப் பிளேடால் சீவி, 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்காக 2 மில்லிமீட்டர் பிட்டால் வழித்துளை போட்டு, கைத்திருப்புளியாலேயே இறுக்கினேன். டிரில் மெஷினை வைத்து இறுக்குவது, இந்தப் பழுது முதலில் எப்படி ஏற்பட்டதோ அதே வழியில் மறுபடியும் செல்வதாகும்.

தட்டுகளையும் பக்கப்பலகைகளையும் இணைக்கும் கேம் லாக் வேறு கதை. அந்த வட்டப் பூட்டு அரைச் சுற்றுக்குள் இறுகும்படி அமைந்தது. அதற்கு மேலும் முறுக்கினால் அது அமர்ந்திருக்கும் கூடே உடைந்துபோகும், அந்த உடைப்பைப் பசையால் சரிசெய்ய இயலாது. அதில் மாட்டும் போல்டின் துளை மட்டும் பெருத்திருந்தால், அதை 10 மில்லிமீட்டருக்கு அகலமாக்கி, அதே அளவு மரமுளையை (உருண்டையான சிறு மரக்குச்சியை) பசையோடு இறக்கிப் புதிய துளை போடலாம்; ஒரு தட்டுக்கு அப்படிச் செய்தேன், இன்றும் அசையவில்லை. ஆனால் மூலைகளில் இருக்கும் மரமுளைகளையும் ஒட்டிவிடலாமே என்ற ஆசை எழும்போது வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் அதை அடக்கிக்கொள்வது நல்லது. ஒட்டிய அலமாரி ஆடாது என்பது உண்மை. அடுத்த வீட்டுக்குக் கழற்றிக் கொண்டுபோகவும் முடியாது.

வேறு பசைகளையும் பழைய மேசையொன்றில் முயன்றிருக்கிறேன். உடனடிப் பசையில் மரத்தூள் கலந்து அடைப்பது நிமிடங்களில் முடிந்தாலும், கெட்டியாகிக் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியதாகிறது. தினமும் திறந்து மூடும் கதவுக்கு அது ஏற்றதன்று. துளையின் சுவரே பெயர்ந்து குழியாகிவிட்ட இடத்தில் எம்-சீல் போன்ற எபாக்சிக் கலவைதான் வெள்ளைப் பசையைவிட நன்றாக நிரப்புகிறது. சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அலமாரிக்கு, ஃபெவிகாலிலேயே நீர் தாங்கும் மரைன் வகையை வாங்க வேண்டும்.

மேல் கீல் இந்த 14 மாதங்களில், ஒரு மழைக்காலத்தையும் சேர்த்து, இம்மியும் இறங்கவில்லை. அதே கதவின் கீழ்க் கீலில் மட்டும் இந்த வழி பலிக்கவில்லை. தரை துடைக்கும் நீர் ஏறி அங்கே பலகை உப்பியிருந்தது. பசையும் குச்சியும் உறுதியாக இருந்தும், சுற்றியிருந்த பலகை அவற்றோடு சேர்ந்து கட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஆசாரியை அழைத்து, உப்பிய பகுதியை வெட்டியெடுத்து அந்த இடத்தில் ப்ளைவுட் துண்டைப் பொருத்தச் சொன்னேன்.

வாங்குவோர் மிகச் சிறிய அளவையே கேட்டு வாங்கலாம். ஐந்தாறு துளைகளுக்கு இரண்டு தேக்கரண்டிப் பசைகூடச் செலவாகவில்லை. மூடியை நான் சரியாக மூடாமல் வைத்ததில், மீதமிருந்ததெல்லாம் டப்பாவுக்குள்ளேயே இறுகிவிட்டது.