கூரையேறிய ரோச்சும் பாலத்தில் தயங்கும் ரோச்சும்: தி விட்சர் 3 குதிரைச் சவாரி பற்றி ஒரு மதிப்புரை

போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே 19 அன்று வெளியிட்ட தி விட்சர் 3: வைல்டு ஹன்ட் கேமைப் பற்றிப் பேச்செடுத்தால், அதை விளையாடியே இராதவர்களுக்குக்கூட ஒரு படம் நினைவுக்கு வரும். குடிசைக் கூரையின் உச்சியில் நான்கு கால்களையும் ஊன்றி, எதுவுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பழுப்புநிறப் பெண்குதிரையின் படம் அது. அதன் பெயர் ரோச். பெயரைக் கேட்டதும் நமக்குக் கரப்பான்பூச்சி நினைவுக்கு வந்தாலும், இங்கே அந்தச் சொல் குறிப்பது ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ஒரு நன்னீர் மீனை. போலிஷ் மொழியில் அதைச் செல்லமாக அழைக்கும் பெயரே குதிரைக்கும் வாய்த்திருக்கிறது. கேமுக்கு அடிப்படையான மூலக் கதைகளில், அரக்கர்களை வேட்டையாடும் நாயகன் கெரால்ட் தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு பெண்குதிரைக்கும் இதே பெயரைத்தான் வைப்பான்.

இந்த மதிப்புரை கேமின் கதையையோ சண்டை முறையையோ பற்றியதல்ல. பல பத்து மணிநேரம் நம்மைச் சுமந்து செல்லும் இந்தக் குதிரையையும் அதன் கோளாறுகளையும் மட்டுமே இங்கே எடைபோடுகிறேன். பரந்த உலகில் விரும்பிய திசையில் சுற்றித்திரிய விடும் ஓப்பன் வேர்ல்டு கேமில் ஊர்தி சரியில்லை என்றால் அந்த உலகமே சரியில்லை என்று கருதுபவன் நான். அதனால் இதைச் சிறிய விஷயமாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

முதலில் கூரைக்கு வருவோம். கன்ட்ரோலரில் இடது ஸ்டிக்கை இரண்டு முறை அழுத்தினால், அல்லது விசைப்பலகையில் எக்ஸ் விசையைத் தட்டினால், கெரால்ட் சீட்டியடிப்பான். சில நொடிகளில் ரோச் ஓடி வரும். குதிரையை நாம் மூன்று மலைகளுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருந்தாலும் வரும். அவ்வளவு தொலைவையும் அது உண்மையில் ஓடிக் கடப்பதில்லை. நம் பார்வைக் கோணத்துக்கு வெளியே, நாம் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே ஓர் இடத்தைக் கேம் தேர்ந்தெடுத்து, அங்கே குதிரையை வைத்து, அங்கிருந்து நம்மை நோக்கி ஓடவிடுகிறது. வெட்டவெளியில் இது பிசகுவதே இல்லை. ஆனால் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் கிராமத்தின் நடுவே, குதிரை நிற்கக்கூடிய சமதளத்தைத் தேடுவது எளிதான வேலை அல்ல. கணினிக்குத் தரை என்பது சரிவும் பரப்பும் சேர்ந்த ஒரு வடிவம் மட்டுமே; அது களமா, கீற்று வேய்ந்த கூரையா என்று அதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தரப்படாத ஏதோ ஒரு மூலையில்தான் ரோச் கூரையேறுகிறது, சுவருக்குள் பாதி உடல் புதைந்து நிற்கிறது, வேலியில் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறது.

இந்தக் கிளிட்சுகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கு அடி தள்ளிப் போய் மறுபடி சீட்டியடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிற சிக்கல் இது. இந்தக் கேமில் ரோச்சுக்குச் சாவு கிடையாது என்பதால் கூரையிலிருந்து விழுந்து குதிரையை இழக்கும் அச்சமும் இல்லை. அழைத்தால் எங்கும் வருவேன் என்று ஒரு குதிரைக்கு வாக்குக் கொடுக்கவைத்தால், சில நேரங்களில் அது வரக்கூடாத இடத்துக்கும் வந்துதான் தீரும். வராமலே இருக்கும் குதிரையைவிட இது எவ்வளவோ மேல்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் படம்பிடித்து யாரும் பகிர்வதில்லை. நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருக்கும் ரோச், ஒரு சிறு மரப்பாலத்தின் தொடக்கத்திலோ, முழங்கால் உயரம்கூட இல்லாத கல்வரிசையின் முன்னாலோ, சட்டென்று நின்றுவிடும். உற்றுப் பார்த்தால் அந்த நொடி தெளிவாகத் தெரியும்: குளம்புகள் மண்ணில் பதிந்துவிடும், பிடரிமயிர் மட்டும் முந்தைய வேகத்திலேயே முன்னால் அலைந்து மெல்ல அடங்கும், சேணத்தின் மேல் கெரால்டின் உடல் ஒருமுறை முன்னே சாய்ந்து நிமிரும். ஸ்டிக்கை முன்னே தள்ளினாலும் குதிரை இரண்டடி வைத்து மீண்டும் தயங்கும். கொஞ்சம் பின்வாங்கி, திசையை லேசாகத் திருப்பி, மறுபடி ஓட்டினால் அதே பாலத்தை எந்தத் தடையும் இல்லாமல் கடந்துவிடும். தடுத்தது எது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. கூரையில் நிற்கும் குதிரையை ஒரு முறை பார்க்கிறோம், சிரிக்கிறோம், மறந்துவிடுகிறோம். இந்தத் தயக்கமோ ஒவ்வொரு பயணத்திலும் முள்போலக் குத்துகிறது. கேமின் உலகில் உள்ள வெலன் என்ற பகுதியின் சதுப்புநிலத்திலும் ஸ்கெல்லிகே தீவுகளின் மலைப்பாதைகளிலும் நடக்கும் குதிரைப் பந்தயங்களில் அது வெற்றியையே பறித்துவிடக்கூடியது.

எல்லாத் தயக்கத்தையும் கோளாறு என்று சொல்லிவிடுவதும் நியாயமாகாது. ரோச்சுக்கு அச்சம் என்று ஓர் அளவு உண்டு. அரக்கர்களின் அருகே போகப்போக அது ஏறும். நிரம்பிவிட்டால் கெரால்டைக் கீழே தள்ளிவிட்டு ஓடும். ஆக்ஸி மந்திரக்குறியைப் பயன்படுத்தி அதை அமைதிப்படுத்தலாம், நல்ல கண்மறைப்புப் பட்டை வாங்கிப் பூட்டினால் அச்சம் மெதுவாகவே ஏறும். இது திட்டமிட்டு வைக்கப்பட்ட ஏற்பாடு, சிறப்பான ஏற்பாடும்கூட. ஆனால் பயத்தால் மிரளும் குதிரையையும் பிழையால் நிற்கும் குதிரையையும் பார்ப்பவர் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார். அதனால் கேமின் ஒரு நல்ல யோசனைக்குக் கெட்ட பெயர் வந்து சேர்கிறது. இதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

2011 நவம்பரில் வந்த ஸ்கைரிம் கேமின் குதிரைகள் இதற்கு நேர் எதிரானவை. அவற்றுக்குத் தயக்கமே கிடையாது. செங்குத்துக்கு மிக நெருக்கமான பாறைச் சரிவில்கூடப் பல்லிபோல ஏறிவிடும். இயற்பியலின்படி அபத்தம்தான் என்றாலும், பயணம் ஒருபோதும் அறுபடுவதில்லை. 2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் இன்னும் தெளிவான வழியைக் கண்டது. அதில் வரும் டொரன்ட் ஓர் ஆவிக்குதிரை. அழைத்த கணத்தில் வீரனின் காலடியிலேயே தோன்றுகிறது. குதிரை எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக ஓடி வருகிறது என்ற கேள்வியையே கதை நீக்கிவிடுவதால், கூரைக் கோளாறுக்கு அங்கே பெரிய இடமில்லை. ஆனாலும் தி விட்சர் 3-இன் குதிரை சதையும் எலும்புமான குதிரை. தூரத்துக் குளம்பொலி நெருங்கி வருவதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் அந்தச் சுகம் டொரன்ட்டிடம் கிடைக்காது. அந்தச் சுகத்துக்காகச் சில கூரைகளைப் பொறுத்துக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ரோச் சிறப்பாக இயங்கும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும். சாலையில் ஏறி, ஓட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இடது ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டால், குதிரை தானாகவே பாதையின் வளைவுகளைப் பின்பற்றிச் செல்லும். கையில் வேலை இல்லை. கண்ணுக்கு மட்டும்தான் வேலை. அந்தி வெளிச்சம் சாய்வாக விழ, காற்றில் மரங்கள் மொத்தமாக ஒருபுறம் வளைய, சேணத்தில் தொங்கும் அரக்கனின் தலை ஒவ்வொரு அடிக்கும் மெல்ல ஆடும். வேட்டையில் கொன்ற விலங்கின் தலையை இப்படிக் கோத்து வைத்தால் சிறு பலன்களும் உண்டு, ஆனால் நான் அதைப் பலனுக்காக மாட்டுவதில்லை. முடித்துவந்த வேலையின் நினைவு கூடவே வருகிறது என்பதற்காக மாட்டுகிறேன்.

2022 டிசம்பர் 14 அன்று வந்த இலவசப் புதுப்பிப்பு, சவாரியின்போது கேமராவைக் குதிரைக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளும் தெரிவைத் தந்தது. படம் அழகாகிறது, தடைகளை முன்கூட்டியே பார்க்கும் வசதி குறைகிறது. எனவே ஊர்களுக்குள் பழைய தொலைவையே வைத்துக்கொள்வது நல்லது. பாலத்துத் தயக்கம் இந்தப் புதுப்பிப்போடு ஒழிந்துவிடவில்லை. 2016-இல் வந்த பிளட் அண்ட் வைன் என்ற விரிவாக்கத்தில் ஒரு கட்டத்தில் கெரால்ட் ரோச்சோடு வாய்விட்டே உரையாடுகிறான். அந்த ஒரு பகுதிக்காகவே விரிவாக்கத்தை வாங்கலாம் என்பேன். 2022-இல் தன் மற்றொரு கேமான சைபர்பங்க் 2077-க்குள் ரோச் ரேஸ் என்ற குறுவிளையாட்டையும் நிறுவனம் சேர்த்தது. ஒரு குதிரையை மக்கள் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதைத் தயாரிப்பாளர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். அந்த உணர்வில் ஒரு பங்கைப் பாலங்களைச் சரிசெய்யவும் செலவிட்டிருக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில யோசனைகள். ஊருக்குள் நெருக்கமான சந்தில் நின்று சீட்டியடிக்காமல், ஊர் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தபின் அழையுங்கள். குறுகிய பாலத்தில் பாய்ச்சலை விட்டுச் சீரான ஓட்டத்துக்கு இறங்கி, பாலத்தின் நடுக்கோட்டைப் பிடித்து ஏறுங்கள். தாழ்ந்த வேலியை நேர்கோணத்தில் அணுகித் தாவுங்கள். சாய்வாகப் போனால் குதிரை நின்றுவிடும். தொடக்கத்திலேயே பந்தயங்களில் கலந்துகொள்ளுங்கள். வென்றால் சேணம் கிடைக்கும், சேணம் மாறினால் ரோச்சின் மூச்சும் கூடும், வெலனின் நீண்ட சாலைகளில் அந்த மூச்சு தேவைப்படும்.