நாலு இஞ்ச் கிரைண்டர் வாங்கப் போகிறீர்களா? காயிலைப் பாருங்கள்

சென்னை பாரிமுனைப் பக்கம், இரும்பை வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் நாலு இஞ்ச் கிரைண்டர், அதாவது கட்டிங் மெஷின் வாங்கப் போகும்போது "ஃபுல் காப்பர், 850 வாட், பில் வேண்டாம்னா ரேட் குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். இப்படி விற்கப்படும் டூப்ளிகேட் மெஷின், பட்டறை வேலையில் சில நாளிலேயே புகைந்துவிடும். திருப்பிக் கொண்டுபோனால் "ஓவர் லோடு கொடுத்துட்டீங்க" என்று பழி நம் மேலேயே விழும்.

ஏமாற்று காயிலில், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியில் இருக்கிறது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியோ சிவப்பு வார்னிஷ் ஏற்றியோ கட்டியிருப்பார்கள்; பார்த்தால் வித்தியாசமே தெரியாது. செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 61 சதவீதம்தான் அலுமினியம் மின்சாரம் கடத்தும். அதே தடிமன், அதே கரண்ட் என்றால் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டும். இரும்பில் வைத்து அழுத்தினால் கரண்ட் இன்னும் ஏறும். கம்பி மேலுள்ள வார்னிஷ் கருகி, சுற்றோடு சுற்று ஷார்ட் ஆகும். மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சர் அதோடு காலி. ஆர்மேச்சர் முனையில் உள்ள செம்புப் பட்டை உருளைதான் காமுடேட்டர்; கம்பியை மாட்டும் அதன் கொக்கியிலும் அலுமினியம் சரியாகப் பிடிக்காது. ஆக்சைடு படிந்து இணைப்பு தளர்ந்ததும், காமுடேட்டரில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டான பிரஷ் பக்கம் வளையமாகப் பொறி சுற்றும். அப்படிச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

கடையிலேயே பிரஷ்ஷைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காமுடேட்டரில் லேசான பழுப்புத் தடம் இருந்தால் பயமில்லை, கம்பெனியில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். பள்ளமோ, கருப்போ, லேத்தில் கடைந்த கோடுகளோ தெரிந்தால் அது பழைய ஆர்மேச்சர், புது பாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிரஷ், அதன் ஹோல்டருக்குள் தடையில்லாமல் வழுக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

காயில் கட்டக் கொடுக்கிற இடத்திலும் இதே மோசடி நடக்கிறது. கட்டுவதற்கு முன்பே கம்பியைக் கேட்டு வாங்கி பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய காயிலின் கேஜும் (கம்பியின் தடிமன்) புதுக் கம்பியின் கேஜும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மெஷினோடு ஓசியில் தருகிற கட்டிங் டிஸ்க்கை நம்பவே வேண்டாம். நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், அதுதான் காலாவதி தேதி. தேதி தாண்டியது, ஈரம் பட்டது இரண்டுமே சுற்றும்போது வெடிக்கலாம். டிஸ்க்கை மறைக்கும் காப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களுக்கு அது முகத்தில்தான் வரும்.

சீரியல் நம்பர் எழுதிய பில்லும், முத்திரை குத்திய வாரண்டி கார்டும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.