பகடைக் கணிப்புச் செயலி: கணக்கு சரி, பட்டியல்தான் இடறுகிறது

பகடைகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை முகங்கள் என்பதையும் கொடுத்தால், வரக்கூடிய கூட்டுத்தொகைகளையும் அவற்றின் நிகழ்தகவுகளையும் கணக்கிட்டுத் தரும் கைபேசிச் செயலி ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். இழந்த இரண்டும் ஒரே திரையால் போனவை.

கணக்கிடும் பகுதியில் குறை காண முடியவில்லை. இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 7 ஆறு வழிகளிலும், 2, 12 ஆகியவை தலா ஒரே ஒரு வழியில் மட்டுமே வருவதைப் பட்டை வரைபடத்தில் தெளிவாகக் காட்டுகிறது. 'குறைந்தது ஒரு 6' என்று கேட்டால், அவசரத்தில் நாம் சொல்லிவிடும் 12/36 என்பதைத் தராமல், இரண்டும் 6 ஆக விழும் நிலை இருமுறை எண்ணப்படாதவாறு 11/36 என்றே தருகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654 இல் கடிதங்களில் விவாதித்த, சூதாட்டத்தில் ஆர்வம் கொண்ட செவாலியே த மெரே எழுப்பிய பழைய கேள்வியையும் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஒரு 6 விழ 51.77 சதவீதமும், இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு ஒருமுறையாவது விழ 49.14 சதவீதமும் வாய்ப்பு உண்டு என்று இரண்டையும் பிசகாமல் சொன்னது.

சிக்கல் 'சாத்தியமான விளைவுகள்' என்ற திரையில் இருக்கிறது. இரண்டு பகடைகளுக்கு அங்கே 36 வரிகள் இருக்க வேண்டும். 21 தான் இருக்கின்றன, ஏனெனில் (3,4), (4,3) இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இடத்தை மிச்சப்படுத்தச் செய்திருக்கலாம், ஆனால் எந்த வரி இருமுறை எண்ணத்தக்கது என்ற குறிப்பு எங்குமில்லை. ஆகவே பட்டியலை மட்டும் பார்ப்பவர் 7 க்கு மூன்று வரிகளை எண்ணி, நிகழ்தகவு 3/21, அதாவது ஏழில் ஒன்று என்று முடிவு கட்டுவார். அடுத்த திரையோ ஆறில் ஒன்று என்கிறது. மூன்று பகடைகளில் இது இன்னும் மோசம்: 9, 10 ஆகிய இரண்டுக்கும் ஆறு ஆறு வரிகளே தெரிகின்றன, உண்மையில் 216 விளைவுகளில் 9 க்கு 25 வழிகளும் 10 க்கு 27 வழிகளும் உண்டு. (3,3,3) ஒரே வழியில் விழும், (2,3,4) ஆறு வழிகளில் விழும் என்பதைப் பட்டியல் மறைத்துவிடுகிறது. கலிலியோ தனியே எழுதி விளக்க வேண்டியிருந்த அதே குழப்பத்தை, இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு செயலி மறுபடி கிளப்புவது வேடிக்கைதான்.

உருட்டிப் பார்க்கும் வசதி நன்றாக உள்ளது. 6,000 முறை உருட்டச் சொன்னபோது 6 என்ற எண் 1,027 முறை விழுந்தது. எதிர்பார்ப்பு 1,000, திட்டவிலக்கம் (எதிர்பார்ப்பிலிருந்து இயல்பாக விலகும் அளவு) ஏறத்தாழ 29 என்பதால் அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்து முறை தொடர்ந்து 6 விழாவிட்டால் அந்த எண்ணைச் சிவப்பில் மினுக்கி, இனி அதன் முறை என்பதுபோல் காட்டுவதை உடனே நீக்க வேண்டும். அப்படிப் பத்து முறை விழாமல் போக 16 சதவீத வாய்ப்பு உண்டு. பதினோராவது உருட்டிலும் 6 க்கு ஆறில் ஒரு பங்கே வாய்ப்பு.

பட்டியலில் ஒரு பகடையைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் காட்டினால் 36 வரிகளும் தாமாகவே பிரிந்து நின்றுவிடும். அந்தத் திருத்தம் வரும்வரை, பகடைக் கணக்கைப் புதிதாகக் கற்பவரிடம் இந்தச் செயலியைக் கொடுக்கமாட்டேன்.