டிஸ்லெக்சியா உள்ள பையனுக்கு இங்கிலீஷ் இலக்கணமும் எழுத்தும்: எங்கள் வீட்டில் நிலைத்த இரண்டு பாடங்கள்

என் மகனுக்கு 10 வயது. டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வருகிற கற்றல் சிரமம், என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒன்றரை வருடமாக வீட்டில்தான் படிக்கிறான். என்ஐஓஎஸ் என்கிற மத்திய அரசின் ஓப்பன் ஸ்கூலில் 14 வயதானால் பத்தாவது எழுதலாம் என்பதால் அவசரம் இல்லை, ஆனால் அதற்குள் அவன் மனதில் இருப்பதை நாலு பத்தியாகச் சொல்லத் தெரிய வேண்டும். வாசிப்புக்குச் சிறப்புப் பயிற்சி தருகிற டீச்சர் இருக்கிறார். இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் எதை வாங்குவது என்பதில்தான் நான் ரொம்ப அலைந்தேன்.

முதலில் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். வாரத்துக்கு 40 கோடிட்ட இடங்கள். விடையை வாயால் கேட்டால் டக்கென்று சொல்வான், எழுதும்போது எழுத்துகள் இடம் மாறிவிடும், மார்க் போய்விடும். "கவனம் போதவில்லை" என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வாரம் முழுக்க அவன் பென்சிலைத் தொடவே இல்லை. இலக்கணம் தெரியுமா என்று பார்க்க வேண்டிய இடத்தில் ஸ்பெல்லிங்கையும் கையெழுத்தையும் சேர்த்தே சோதித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் எந்தப் பாடத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இதைச் செய்து முடிக்க என் பிள்ளை எத்தனை வார்த்தை எழுத வேண்டியிருக்கும் என்பதைத்தான்.

அப்படித் தேடிக் கிடைத்தது வின்ஸ்டன் கிராமர். அமெரிக்காவில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல வருடங்களாகப் பயன்படுத்துகிற செட். பெயர்ச்சொல், வினைச்சொல், ஆர்ட்டிகிள், பிரிபொசிஷன் என்று வண்ண அட்டைகள் இருக்கும், எது எது என்று கண்டுபிடிக்கத் துப்பும் இருக்கும். வாக்கியத்தைப் படித்து, சொல்லுக்கு ஓர் அட்டையாக வரிசையாக வைக்க வேண்டும். எழுதுவதெல்லாம் அப்புறம் தாளில் போடுகிற சின்னச் சின்னக் குறிகள்தான்.

ஒருநாள் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நானே தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி அதை இங்கிலீஷ் வரிசையில் அடுக்கச் சொன்னேன். "நாய் காருக்கு அடியில் தூங்கியது." நாயும் தூங்கியதும் சரியாக வந்தன. அடுத்து காருக்குப் பெயர்ச்சொல் அட்டையை வைத்து, 'அண்டர்' என்பதற்கான பிரிபொசிஷன் அட்டையை அதற்குப் பின்னால் வைத்தான். "காருக்கு அடியில்தானேம்மா, கார்தானே முதலில் வரும்?" தமிழில் பின்னால் வருவது இங்கிலீஷில் முன்னால் போகிறது. இவ்வளவு நாளும் அவன் எழுதிய வாக்கியங்கள் தலைகீழாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று எனக்கே தெரியாது. அட்டையை நகர்த்தி வைத்தான், அவ்வளவுதான் திருத்தம். ரப்பர் போட்டு அழித்து தாள் கிழிகிற கதை இல்லை.

இதில் கட்டுரைப் பயிற்சி கிடையாது, நிறுத்தக்குறிக்கும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் செலவும் கூடும். கட்டுப்படியாகாதவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி ஆரம்பித்துப் பார்க்கலாம், நகர்த்துவதுதான் முக்கியம்.

எழுத்துக்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஐஇடபிள்யூ என்று சொல்கிற இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்கின் முறை. ஒரு சின்னப் பத்தியைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அதிகபட்சம் மூன்று முக்கியச் சொற்களை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தியை மூடிவிட்டு, அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து வாயால் சொல்லிப் பார்த்த பிறகே எழுத வேண்டும். படம், எண், சுருக்கம் எல்லாம் அந்த மூன்றில் சேராது, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். என் பையனுக்கு இந்தச் சலுகைதான் உயிர். காக்கைகள் மனிதர்களின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று ஒரு வாக்கியம் கொடுத்தேன். ஒரு காக்கை வரைந்தான், ஒரு முகம் வரைந்தான், நடுவில் 'ரிமெம்பர்' என்பதன் முதல் மூன்று எழுத்து. அதை வைத்துக்கொண்டு பாட்டியிடம் போய் முழுப் பத்தியையும் இங்கிலீஷில் சொன்னான், நடுவில் பாட்டிக்காகத் தமிழிலும் சொல்லி மறுபடி இங்கிலீஷுக்கு வந்தான். வெற்றுத் தாளைப் பார்த்தாலே வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை!

இப்போதைக்கு அவன் சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன், கடைசி இரண்டு வரி மட்டும் அவன் கையால் எழுதுவான். அதில் ஸ்பெல்லிங் தப்பை நான் திருத்துவதில்லை. ஸ்பெல்லிங்குக்குக் காலையில் எழுத்துக் கட்டைகளோடு தனியாக 15 நிமிடம் இருக்கிறது, அது அங்கே. இந்த முறையில் நடையை அழகாக்க ஒரு பட்டியலும் உண்டு, வலுவான வினைச்சொல், 'பிகாஸ்' வைத்த வாக்கியம் என்று. ஒன்று எளிதாக வந்த பிறகுதான் அடுத்தது என்று அவர்களே சொல்கிறார்கள், தயவுசெய்து அதைக் கேளுங்கள். நாங்கள் மூன்று மாதமாக 'பிகாஸ்'ஸில்தான் இருக்கிறோம்.

பிள்ளை இன்னும் மூன்றெழுத்துச் சொற்களைப் படிக்கவே திணறினால் இந்த இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தருகிற ஆர்ட்டன் கில்லிங்ஹாம் வழியில் ஒலியும் எழுத்தும் சொல்லித்தருகிற ஒருவரைப் பிடியுங்கள். சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் விசாரிக்கலாம்.

தமிழுக்கு இப்படி ஓர் அட்டைப் பெட்டி எனக்குக் கிடைக்கவில்லை. போன வாரம் வேற்றுமை உருபுகளுக்கு நானே வெட்ட ஆரம்பித்தேன். 'ஐ' முடிந்தது, இப்போது 'ஆல்'. கத்தியால் வெட்டினான், கல்லால் அடித்தான் என்று அவனே அடுக்கிக்கொண்டிருக்கிறான். 'கு' அட்டைக்குப் பச்சை நிறம்தான் வேண்டுமாம்.