டேட்டாத்தானா, மாதக் கூட்டமா?

மருத்துவத் தரவுப் பக்கம் புதிதாக வரும் பெண்கள் கேட்பது இதைத்தான்: வருடத்துக்கொரு முறை நடக்கும் விட்ஸ் (Women in Data Science) டேட்டாத்தானில், அதாவது தரவை வைத்துக் கணிக்கும் போட்டியில், சேரலாமா, ஆர் என்ற நிரல்மொழியில் வேலை செய்யும் பெண்களின் குழுவான ஆர்-லேடீஸின் மாதக் கூட்டத்துக்குப் போகலாமா? இரண்டிலும் இருந்திருக்கிறேன். இப்போது மாதத்தில் எனக்கென்று மிஞ்சும் மாலை ஒன்றே ஒன்று. அதை ஆர்-லேடீஸுக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

டேட்டாத்தானில் பைத்தான் என்ற நிரல்மொழி ஆட்கள் அதிகம், இன்னொன்றில் பெயரிலேயே ஆர். அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

டேட்டாத்தானின் பலம் தரவு. 2020இல் கொடுத்தவை நிஜமான ஐ.சி.யூ. பதிவுகள்; பயிற்சிக் கோப்பில் மட்டும் 91,713 வரிசைகள். நோயாளி பிழைப்பாரா என்று கணிக்க வேண்டும். மருத்துவமனையில் வேலை பார்க்காத ஒருவருக்கு இப்படிப்பட்ட தரவு லேசில் கிடைக்காது. குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் எனக்குப் பிடிக்கும்.

சரி, போட்டி முடிந்ததும் நம் வேலையை யார் பார்ப்பார்கள்? எனக்கு எல்லாம் இந்த இடத்தில்தான் முடிவானது. மதிப்பெண் ஏறினால் சந்தோஷம். ஏன் ஏறியது என்று அங்கே என்னை யாரும் கேட்கவில்லை.

போட்டிக்கு எழுதிய அதே நிரலை அப்புறம் ஆர்-லேடீஸின் ஒரு மாதக் கூட்டத்தில் திரையில் போட்டேன். புள்ளியியல் பார்க்கும் ஒரு அக்கா, "இறக்கும் வாய்ப்பைச் சொல்லும் அட்டவணைப் பத்தியில் -1 எப்படிம்மா வரும்?" என்றார். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எண் அது. நான் -1ஐயும் அப்படியே கணிக்கும் மாடலுக்கு ஊட்டியிருந்தேன்.

முன்பு ஐ.சி.யூ.வில் செவிலியராக இருந்த ஒருவர் லாக்டேட் என்ற ரத்தப் பரிசோதனைக்கான பத்தியைக் காட்டச் சொன்னார். காலி இடங்களில் எல்லாம் சராசரியை நிரப்பி வைத்திருந்தேன். "இந்த டெஸ்டை எல்லாருக்கும் எடுக்க மாட்டோம். ஆள் மோசமாகிறாரோ என்று பயம் வந்தால்தான் எடுப்போம்" என்றார். ஆக, நான் நிரப்பியது மோசமாக இருந்தவர்களின் சராசரி. டெஸ்டே தேவைப்படாத ஆளுக்கும் அதைச் சூட்டியிருக்கிறேன்! இப்போதெல்லாம் டெஸ்ட் எடுத்தார்களா இல்லையா என்பதற்கே தனிப் பத்தி போடுகிறேன்.

ஆர்-லேடீஸிலும் குறை உண்டு. 2012இல் காப்ரியேலா டி கெய்ரோஸ் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நாள் முதல் இது தன்னார்வலர்களை நம்பி ஓடுவது. நடத்துகிறவருக்கு வேலை கூடினால் அந்த மாதம் கூட்டம் இல்லை. மருத்துவம் தெரிந்த ஆளே இல்லாத கிளை என்றால் நான் சொன்ன எதுவும் நடக்காது. பழைய கூட்டங்களின் தலைப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வேலைக்கு எது உதவும்? நேர்முகத்தில் டேட்டாத்தானைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனால் நான் போனதே இரண்டு நேர்முகங்கள். அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குழுவில் இடம் கிடைத்தால் டேட்டாத்தானையும் விட வேண்டாம். முடிந்த கையோடு நிரலைத் தூக்கிக்கொண்டு மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். எங்காவது -1 இருந்தால் யாராவது கேட்பார்கள்.